இருவரும் ஒருவரே

நான் வக்கீல் இல்லை.
மொகொட்லோங் சந்தைக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகை, ஒரு நகல் இயந்திரம்,
மின்சாரம் இருக்கிற நாட்களில் நான்.
கெனெவே எங்கே என்றால்
கழுதை ஓட்டுகிறவர்களும் வழி சொல்வார்கள்:
தங்கச் சுரங்கத்தில் நெஞ்சைத் தொலைத்தவர்களுக்குப்
படிவம் நிரப்பித் தருகிறவள்.
காசு வாங்குவதில்லை.
முட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

மாதெல்லோ வந்தது ஜூலைப் பனியில்.
போர்வையைக்கூட உதறவில்லை.
"விடியலில் போய்விட்டார்.
நீதானே சொன்னாய்,
போனால் உடனே வா என்று."

சொல்லியிருந்தேன்.
அதைவிட மோசமான வாக்கியம்
என் வாயிலிருந்து வந்ததில்லை.

உயிரோடு இருந்தவரை
எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள்.
புகையிலை என்றார்கள், அடுப்புப் புகை என்றார்கள்,
காசம், அது உங்கள் ஊர் வியாதி என்றார்கள்.
இருபத்திரண்டு வருஷம் அவர் பாறையைத் துளைத்தது
வெல்கமில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டரில்.
அங்கே ஊர் எது?

இனி ஒரு வழிதான் பாக்கி.
நெஞ்சைத் திறந்து
நுரையீரல் இரண்டையும், கூடவே இதயத்தையும்
ஜோஹன்னஸ்பர்க்குக்கு அனுப்ப வேண்டும்.
அறுத்துப் பார்ப்பார்கள்.
கல் இருந்தால் கல் என்று எழுதுவார்கள்.

இரண்டு முறை படித்துக் காட்டினேன்.
அவள் கேட்டதெல்லாம்
படிவத்தில் இல்லாத கேள்விகள்:
மூச்சில்லாமலா புதைப்பது?
நம் பாஷையில் மூச்சுக்கும் காற்றுக்கும் ஆவிக்கும்
ஒரே சொல்தானே,
இதில் எதை அனுப்பப் போகிறாய்?
திருப்பித் தருவார்களா?

மாட்டார்கள் என்றேன்.

"எல்லையில் முத்திரை குத்துவார்களா?
அவர் பாஸ்போர்ட் காலாவதி."
சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்,
பெட்டிமேல் சரியான பெயர் வேண்டும்.

சுரங்கத்தில் அவர் ஜிம் மொலாலா.
ஆள் எடுக்கிற அலுவலகத்துக் குமாஸ்தாவின் நாக்கில்
மொட்லாலெபுலா நுழையவில்லை.
மழையோடு வந்தவன் என்று அர்த்தம்.
பிறந்த அன்று ஆலங்கட்டி கொட்டியதாம்.
தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும்,
தெளித்தால் நேரமாகும் என்று
காய்ந்த பாறையையே துளைக்கச் சொன்ன இடத்தில்
அந்தப் பெயர் எதற்கு!

அழியாத மார்க்கரில்
மூடி முழுக்க எழுதினேன்.
ஆஸ்பத்திரி வண்டி பழுது.
மதிய டாக்ஸியில், டிரைவர் காலடியில்,
ஒரு மூட்டை சோளத்துக்கும்
யாரோ ஒருத்தியின் கோழிக்கும் நடுவில்
மொட்லாலெபுலா மறுபடி வேலைக்குப் போவதுபோல்
மலை இறங்கினார்.

பதினோரு மாதம்.

கடிதத்தில் முதல் வரி:
சிலிகோசிஸ், இரண்டாம் நிலை.
அத்தனை இருமலையும்
மூன்று சொல்லில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.
அடுத்த வரி:
தொழிலாளி ஜிம் மொலாலா.
உறுப்புகள் மொட்லாலெபுலாவுடையவை.
இருவரும் ஒருவரே என
மனைவி உறுதிமொழிப் பத்திரம் அளிக்கவும்.

தட்டச்சு செய்து வைத்தேன்.
படித்துக் காட்டினேன்.
மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன்.
மாதெல்லோ விரலை மடக்கிக்கொண்டாள்.

"போனவன்
என் அப்பாவின் மாடுகளை
மலை உச்சியிலிருந்து
ஒரே மூச்சில் ஓட்டி வந்தவன்.
வந்தவர்
கதவிலிருந்து கட்டிலுக்குப் போக
நடுவில் ஒரு முறை உட்கார்ந்தார்.
இருவரும் ஒருவரே என்று
எதன்மேல் சத்தியம் பண்ணட்டும், கெனெவே?"

வெளியே இன்னும் நான்கு பேர்.
எண்ணிப் பார்க்கவில்லை, இருமலை வைத்துச் சொல்கிறேன்.
மின்சாரம் போவதற்குள் நகல் எடுத்தாக வேண்டும்.
நான் எதுவும் பேசவில்லை.

பிறகு அவளே விரலை மையில் தோய்த்து
அழுத்தி வைத்தாள்.
எடுத்தாள்.
பக்கத்திலேயே இன்னொன்று வைத்தாள்.

ஒரு கட்டம்தான் இருக்கிறது என்றேன்.

"ஆள் இரண்டு" என்றாள்.