பார்க்கிறதைச் சொல்லுங்க

இருபத்திரண்டு வருஷம் டேங்கர் ஓட்டியவனை
மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார் முதலாளி.
இன்சூரன்ஸ்காரன் கேட்டிருப்பான் போல.

முதல் நாள், சங்ககிரிக்கு வெளியே,
சோப்புத்தண்ணி ஊற்றிய சிமெண்டுத் தரை.
பதினெட்டுச் சக்கரத்தில் ஒன்றுகூட என் பேச்சைக் கேட்கவில்லை.
ராசிபுரத்துப் பையன் சிரித்தான். அடுத்து அவன் ஏறினான்.
அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் ரோட்டுக்கு.
பக்கத்துச் சீட்டில் கோகிலவாணி மேடம்,
என் மூத்த மகளைவிட ரெண்டு வயசு கூட இருக்கும்.
மடியில் அட்டை.
"கண்ணு பார்க்கிறதை வாய் சொல்லோணுங்க.
ஒண்ணு விடாம."

இதென்ன கூத்து என்றுதான் ஆரம்பித்தேன்.

முன்னால நூல்மூட்டை ஏத்துன ஈச்சர், பிரேக் லைட் ஒண்ணுதான் எரியுது.
ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரெண்டு – இடைவெளி பத்தாது, விட்டுப் போறேன்.
வலது கண்ணாடியில காலேஜ் பஸ், அவசரத்துல இருக்கான்.
நடுத்திட்டு அரளிக்குத் தண்ணி விடுற ஆளு, முதுகு நமக்கு.
ஆரன் அடிக்கலீங்க, துள்ளிருவான்.
நாய். நாய் யோசிக்குது.
டவுன் பஸ் நிக்குது. பஸ்ஸுக்கு அடியில ரெண்டு செருப்புக்கால்,
ஆளு இன்னும் தெரியலை.

அதற்கு மேடம் தலை நிமிர்ந்தார்.

சொல்லச் சொல்ல
ரோடு அகலமாகிக்கொண்டே போயிற்று.
இத்தனையும் இத்தனை நாளாக இங்கேதான் இருந்ததா?

குமாரபாளையத்துக்கு முன்னால்
வேலிமுள் அடர்ந்த இட்டேரி ஒன்று
ரோட்டில் வந்து வாய் திறக்கும்.
என் வாய் அங்கே மூடிக்கொண்டது.

ஒரு மொபெட். பின்னால் கட்டிய பால்கேன்.
ஆடி மாசம், விடிகாலை நாலே முக்கால்.
கேன் எவ்வளவு தூரம் உருண்டது என்று
கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை.
"பார்க்கலீங்க" என்றேன் அன்றைக்கு.
பொய்யில்லை அது.
பொய்யாக இருந்திருந்தால்
கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

காவேரிப் பாலத்தில்தான் பேச்சு திரும்பி வந்தது.
தண்ணி கம்மி, என்றேன், சம்பந்தமில்லாமல்.

சாயங்காலம் அட்டையை நீட்டினார்.
கட்டம் கட்டமாக டிக்.
ஒரு கட்டத்தில் மட்டும் எழுத்து:
இட்டேரி முகப்பு. பேச்சு நின்றது.
ஆக்சிலேட்டரிலிருந்து காலும் எழுந்தது. சரி.

பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாளும் அதே ரோடு.
இடப்பக்கம் இட்டேரி.
வேலிக்கு அந்தப்பக்கம் தெரியலை.
காலை எடுத்துட்டேன்.
ஆயிரத்தொண்ணு.
யாரும் வரலீங்க.
ஆயிரத்திரெண்டு.