முயல்முகம்

நாளுக்கு நாற்பது பவுண்டு, மதியம் சூப்.
மர்டோவுக்கு மான்கொம்பு,
தபால்காரி இஷ்பெலுக்கு முயல்முகம்,
எனக்கு வெறும் வெள்ளை அங்கி.
"சிரிக்காதீர்கள்" என்றார் லண்டன் இயக்குநர்,
"இந்தத் தீவில் யாரும் சிரிப்பதில்லை."

குடிக்கணக்கு எடுக்க வந்தவனை
நாங்கள் எரிக்க வேண்டிய காட்சி.
மூன்று இரவும் மழை விடவில்லை.
பழைய தெய்வங்களுக்குத் தீப்பிடிக்க
டீசல் தேவைப்பட்டது.
எரியவேண்டியவனுக்கோ ஜலதோஷம்;
இஷ்பெல் வீட்டில் வெந்நீரில் விஸ்கி குடித்து
பூனையோடு தூங்கிப்போனான்.

ஞாயிறன்று எல்லோரும் தேவாலயத்தில்.
சங்கீதம் பாடுகையில் மர்டோவின் நெற்றியில்
கொம்பு ஒட்டிய பசை மினுங்கியது.

இப்போது கோடைதோறும் வருகிறார்கள்,
பலிக்கல் எங்கே என்று கேட்டுக்கொண்டு.
ஆடுகளை உண்ணிமருந்தில் முக்கும் தொட்டியைக்
காட்டிவிடுகிறோம்.
அதையும் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

ஊற்றுக்குப் போகும் வழியை மட்டும்
யாரும் சொல்வதில்லை.
அங்கே முள்மரத்தில்
வருடத்துக்கு ஒரு துண்டு கட்டுகிறாள் இஷ்பெல்,
கடல்நடுவே எண்ணெய் மேடைக்கு
வேலைக்குப் போன மகனின்
நீலச் சட்டையைக் கிழித்து.

இன்னும் ஒரு கைதான் மிச்சம்.