பாதி எனாமல்

வார்டோவில் ஜனவரி. பகல் என்பது
பத்தரைக்கு ஒரு நீலக் கறை;
ஒன்றரைக்குள் கழுவியாயிற்று.
என் படகின் தூண்டில் மோட்டார்
நாற்பது பாகம் கயிறு இறங்கியிருக்கையில் நின்றுவிட்டது.
கையால் சுற்றி ஏற்றினேன். கடைசி முள்ளில் ஒரு காட் மீன்,
என்னைப் போலவே எரிச்சலாக.

"புதுசு வாங்கிப் போடு, துரீத்" என்றான் ஊட்வார்.
அவனுக்கென்ன, இரண்டு படகு.

சமையல் மேசையில் பிரித்தேன். எங்கும் கரித்தூள்.
அச்சைச் சுற்றிச் செம்புத் துண்டுகள்,
நடுவில் மயிரிழை இடைவெளிகள்.
அவற்றை உரசும் கார்பன் கட்டைகள் இரண்டும்
தேய்ந்து துவரம்பருப்பாகியிருந்தன.
எதற்கு உரச வேண்டும்?
கம்பியை நேராகப் பற்றவைத்திருந்தால்
எதுவுமே தேயாதே.

கேள்வி தூங்கவிடவில்லை.
உடைந்த ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து காந்தம்,
இரண்டு ஊக்கு, ஒரு பேட்டரி,
இருமல் மருந்துப் புட்டியில் பத்துச் சுற்றுச் சுற்றிய
எனாமல் கம்பி.
நுனி இரண்டையும் முழுக்கச் சுரண்டி
ஊக்குக் கண்ணில் ஏற்றினேன்.

துள்ளியது. காந்தத்துக்கு முகம் கொடுத்தது.
அவ்வளவுதான்.
கேட்டது கிடைத்தவன் மாதிரி
அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.
தள்ளிவிட்டால் திரும்பி வந்தது.

இன்னொரு கம்பி.
இம்முறை மேல் பாதியை மட்டும் சுரண்டினேன்;
கீழே எனாமல் அப்படியே.
விரலால் ஒரு தட்டு.
இழுபட்டது. போய்ச் சேரும் நொடியில் மின்சாரம் அறுந்தது.
நிற்கத் தெரியாமல், வந்த வேகத்திலேயே
தாண்டிப் போய்,
மறுபடி இழுபட்டது, மறுபடி அறுந்தது,
பிறகு என் கண்ணுக்கு வெறும் செம்பு மூட்டம்.

ஒவ்வொரு சுற்றிலும் பாதி இருட்டு.
அதை மிச்ச வேகத்தில் கடக்கிறது.
சன்னலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை:
நவம்பரில் போன சூரியன் திரும்ப
இன்னும் ஒன்பது நாள்.

படகு மோட்டார் அறுப்பதோடு விடுவதில்லை.
கட்டை இடைவெளியைத் தாண்டும்போதெல்லாம்
சுருளில் மின்னோட்டம் திசை புரள்கிறது;
வா என்ற காந்தமே போ என்கிறது.
ஒட்டிவைத்தால் ஒரே ஒரு முறை போய்ச் சேரும்.
உரசினால் சேரவே சேராது,
கயிறு மேலே வரும்.

படிவத்தில் எழுதினேன்: கார்பன் கட்டை, இரண்டு.
யோசித்து, நான்கு என்று திருத்தினேன்.
கப்பல் வியாழக்கிழமை.
கையெழுத்தின் பக்கத்தில்
பெருவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது.
அழிக்கப் போனால் இன்னும் பரவியது.

விளக்கை அணைத்த பிறகும்
ஊக்கில் கம்பி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது.
பேட்டரி தீரட்டும் என்று விட்டுவிட்டேன்.