மாரிச்செல்வியின் மகள்

பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர்
மாரிச்செல்வி.

நான் மேரிசெல்.
பிரசவ வார்டில் வலியோடு சொன்னேன்,
பதிவேட்டுக்காரர் பாதி கேட்டார்,
மீதியை அவர் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டார்.
அப்போது எல்லோரும் சிரித்தோம்.
இளஞ்சேரன் ஒரு மாதம் அப்படியே கூப்பிட்டான்.

அவன் போய் பதினோரு மாதம்.
கோவில்வெண்ணி வளைவில் நெல் லாரி.
என் விசாவும் அன்றைக்கே முடிந்தது என்று
யாரும் சொல்லவில்லை.
"தகுதியின் அடிப்படை மாறிவிட்டது" என்றது
திருவாரூரிலிருந்து வந்த கடிதம்.
இனி இந்தியரின் மனைவி இல்லை.
இந்தியக் குழந்தையின் தாய் என்றுதான்
விண்ணப்பிக்க வேண்டும்.
அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.
"இதர காரணம்" என்பதை அமுக்கச் சொன்னான்
கொரடாச்சேரி கடைத்தெரு நெட் சென்டர் தம்பி.
ஏழு வயது இதர காரணம்
என் மடியில் உட்கார்ந்து
மவுஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

பொறுப்பேற்கும் குடிமகன்: கவின்மொழி.
பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால்
காப்பாளர் கையெழுத்து.
காப்பாளர்: நான்.
காப்பாளர் வெளிநாட்டவர் என்றால்
பொறுப்பேற்கும் குடிமகன் கையெழுத்து.
தம்பி டீ சொன்னான்.

கடைசியில் கொழுந்தனார் வந்து போட்டுக்கொடுத்தார்,
வரப்பிலிருந்து நேராக, காலில் சேறு காயாமல்.
காசு கேட்கவில்லை.
நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.
அதனாலேயே இரண்டு இரவு தூக்கம் வரவில்லை.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில்
இங்கே எத்தனை காலமாக என்று கேட்டார்கள்.
ஒன்பது சம்பா என்றேன்.
"வருஷத்துல சொல்லும்மா."
முதல் வருஷமே நட்டேன் நான்.
நுவேவா எசிகாவிலும்
பின்னோக்கி நடந்துதான் நடுவோம்,
சேறு அங்கேயும் கெண்டைக்காலைத்தான் பிடிக்கும்.
நடவுக்கு வந்த பெண்கள் என் வரிசையைப் பார்த்துவிட்டு
இவ யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்டது
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வக்கீல் அறிவுடைநம்பி ஆறுதலுக்குச் சொன்னார்:
"இந்தக் காவிரியே வெளிமாநிலம்தானேம்மா."
அதற்கே எத்தனை வருஷ வழக்கு என்பது
உடனே அவருக்கே ஞாபகம் வந்து
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எஸ்.பி. ஆபீஸில் ஆட்சேபனை ஒன்றே ஒன்று.
குழந்தையின் தாய் மாரிச்செல்வி.
விண்ணப்பதாரர் மேரிசெல் பங்கிலினான்.
"அப்ப அந்தம்மா எங்கே?"
ஏட்டம்மா கேட்டார், கிண்டலே இல்லாமல்.

நானும் யோசித்திருக்கிறேன் அவளைப் பற்றி.
அவளுக்கு விசா வேண்டாம்.
ரேஷன் கடையில் எடை குறைந்தால் சண்டை போடுவாள்.
மேட்டூர் திறக்கும் தேதி கேட்டு
விதைநெல் ஊறப்போடுவாள்.
அவனைக் கிடத்தியிருந்தபோது
ஒப்பாரியில் அடுத்த வரி தெரியாமல்
மற்ற பெண்களின் வாயைப் பார்த்துக்கொண்டு
உட்கார்ந்திருக்க மாட்டாள்.
சில நாள் பொறாமையாக இருக்கும்.
சில நாள், அவளாவது இருக்கிறாளே என்று.

இருவரும் ஒருவரே என்று
இருபது ரூபாய் பத்திரத்தில் உறுதிமொழி வேண்டுமாம்,
தாசில்தார் முத்திரையோடு.
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்,
பஸ் காசு, ஜெராக்ஸ், இன்னொரு நாள் கூலி.

ஏட்டம்மா குனிந்து கேட்டார்,
"உங்க அம்மா பேரு என்ன கண்ணு?"
கவின்மொழி என்னைப் பார்த்தாள்.
மேசைமேல் இருந்த இரண்டு காகிதத்தையும் பார்த்தாள்.
"எந்தப் பேரு வேணும்?" என்றாள்.

ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். தொண்ணூறு நாள்.

திரும்பும்போது ஜன்னலோரம் அவளுக்கு.
வெட்டாற்றில் தண்ணீர் வந்துவிட்டது,
ஆகாயத்தாமரையை முன்னால் தள்ளிக்கொண்டு,
பழுப்பு நுரையோடு, அவசரமில்லாமல்.
சீட்டை நான்காக மடித்துக்
காலி டிபன் டப்பாவுக்குள் வைத்தேன்.

இரவு பேன்சீப்போடு
டியூப்லைட் அடியில் உட்கார்ந்தோம்.
மாரிச்செல்வியின் மகளுக்குத் தலை நிறைய ஈர்.
அழுத்தி வாரினால் தோளைச் சுருக்கிக்கொண்டு
தாஹான் தாஹான் என்கிறாள்,
மெதுவா மெதுவா என்று,
என் அம்மா என்னிடம் கேட்டுப் பழகிய அதே எரிச்சலில்.