ஈரல் ஆறு சென்ட்

சுவரொட்டியில் அவன் லாரமி நெட்.
சம்பளப் புத்தகத்தில் ராஸ்மஸ் தோருப்,
ட்ரென்டனில் கறிக்கடை வண்டி ஓட்டியவன்.
குதிரையைப் பின்னாலிருந்துதான் தெரியும் என்பான்,
ஏறியது கிடையாது.

நியூ ஜெர்சியில்தான் எங்கள் அரிசோனா.
பனி விழுந்தால் மூடிவிடுவோம்.
முதல் நாள் காலை செவ்விந்தியனாகச் சுடப்பட்டுச் செத்தான்.
மதியம் முகம் கழுவி, நீலச் சட்டை மாட்டி,
அதே பாறைக்குப் பின்னாலிருந்து
காலையில் செத்த தன்னைத் தானே சுட்டான்.
இரண்டுக்கும் சேர்த்து மூன்று டாலர்.

நான் எழுத்தட்டை எழுதுகிறவள்.
கறுப்பு அட்டை, வெள்ளை மை, ஓரத்தில் ஒரு கள்ளிச்செடி.
அவன் வாய் அசைப்பான், பேச்சு என்னுடையது.
"இந்தப் பள்ளத்தாக்கு உள்ளவரை உன்னைக் காப்பேன், க்ளாரா"
என்று நான் எழுதிய இடத்தில்
அவன் சொன்னது:
ஈரல் ஆறு சென்ட், நாக்கு பதினொன்று,
எலும்பு, நாய்க்கென்றால் சும்மா.
கண்ணில் மட்டும் நீர் நிற்கும்.
வெங்காயம் இல்லை, கிளிசரினும் இல்லை.

ஐந்து வருடம். நூற்றுப்பத்துப் படம்.
பையன்கள் சட்டைப் பொத்தான் கேட்டு எழுதினார்கள்.
ஒமாகாவிலிருந்து, காது கேளாதோர் பள்ளி, ஒரு கடிதம்:
"ஐயா, நீங்கள் க்ளாராவை மணம் கேட்டபோது
எங்கள் வகுப்பு இருபத்திரண்டு பேரும்
பெஞ்சிலிருந்து விழுந்து சிரித்தோம்.
நாக்கு இங்கே ஒன்பதுதான்."

அவன் சிரிக்கவில்லை.
அட்டைகள் காயும் கொடிக்கு அடியில் வந்து நின்று
"கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்" என்றான்,
காது சிவந்து.
அதன்பின் விலை சொல்வதை நிறுத்தினான்.
வேறென்ன சொன்னானோ,
கேமராக் கைப்பிடியின் கறகறப்பில் எனக்கு விழவில்லை.

பதினாலில் உயரமான ஒருவன் வந்தான், சொந்தக் குதிரையோடு.
நெட்டின் கடைசிப் படத்தில் நெட்தான் கொள்ளைக்காரன்.
குன்றில் சரிந்து, தொப்பி உருள,
வாய் அசைந்தது, வெகு நேரம்.
"என் பாவத்தின் கூலி இது" என்று எழுதினேன்.
முதலாளி சுருக்கச் சொன்னார்.
"இது கூலி."

கம்பெனி கலிபோர்னியா கிளம்பியது,
ராஸ்மஸுக்கு டிக்கெட் எடுக்கவில்லை.
ஒமாகாவின் இரண்டாம் கடிதம்
இரண்டு முகவரி அடித்துத் திருத்தப்பட்டு
என் மேசைக்கு வந்தது. பென்சில் எழுத்து:
"பெட்ரினாவா, மெட்ரினாவா? உதட்டில் இரண்டும் ஒன்றுதான்.
வகுப்பில் இரண்டு கட்சி.
அவர் வண்டியை நிறுத்தாமல் போனதை
அவள் மன்னித்துவிட்டாளா?"

பதில் எழுத உட்கார்ந்தேன்.
கை கறுப்பு அட்டையை எடுத்தது, பழக்கதோஷம்.
ஓரத்தில் கள்ளிச்செடி வரைந்தாயிற்று,
முள் ஒவ்வொன்றாக.
நடுவில் இன்னும் கறுப்பு.