இதர

ஆடியில் முதன்முதல் அளந்தபோது
மார்பளவு உயரத்தில் இருபத்தொன்பது செண்டிமீட்டர்.
முப்பது இருந்தால் மரம், குறைந்தால் புதர்.
ஜெபராணி நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தாள்.
முப்பது என்று எழுதிக்கொண்டேன்.
வெள்ளைச் சாயத்தில் எண் 417.
பெயர் என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது.

உசிலையின் நிழலுக்குள் ஒண்டி நின்றது அது,
அழகர்கோவில் பேருந்தில் கடைசி ஆளாய் ஏறி
படியில் ஒரு காலுக்கு இடம் கிடைத்தவரைப் போல.
பூ இல்லை, காய் இல்லை.
இலை மட்டும்:
காம்பருகே ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் ஏறி,
பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை.
கிள்ளினேன். பால் வரவில்லை.
ஆக வெட்பாலை இல்லை.
இல்லை என்பதும் ஒரு தகவல்தான்.

மலைப்பாதையில் சுண்டல் விற்கும் பேச்சியண்ணன்
நுணா என்றார், சத்தியமாக.
வனக்காவலர் தர்மலிங்கம் விறகு என்றார்.
நான் எழுதியது: இதர.

ஐப்பசி. தார்ப்பாய்க்குள் தாளை வைத்துக்கொண்டு
சொட்டச் சொட்ட எண்ணினோம்.
நுணாவுக்கு இலைகள் எதிரெதிரே.
இதற்கோ ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம்,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்.
பேச்சியண்ணனிடம் சொல்லவில்லை;
சுண்டல் சூடாக இருந்தது.

தையில் இலையெல்லாம் போனபின்
கிளை நுனியைத் தொட்டாள் ஜெபராணி.
தனியே முளைத்த முள் இல்லை.
கிளையே, முடிகிற இடத்தில் மனம் மாறி
முள்ளாகியிருந்தது.
விரலை வாயில் வைத்தபடி
"குத்தும்னு எழுதுக்கா" என்றாள்.
எழுதினேன்.

மாசிக் கடைசியில் வாசம் எங்களுக்கு முன்னால் வந்து
வழியில் நின்றது.
ஓர் இலை இல்லை. கிளை நெடுக வெள்ளை.
காற்றில் பின்பக்கம் மடங்கிய குடைபோல் இதழ்கள் சுருண்டு
நடுவில் சலூன் பிரஷ் மாதிரி ஒரு கற்றை இழை.
அதற்குள் தலைகீழாய் ஒரு தேனீ.

பார்த்த முகம்.
கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடையில்
தைலப் புட்டியின் தாளில், மங்கிய அச்சில்.
பெயர் எனக்கு எப்போதோ தெரியும்.
மரம்தான் தெரியாது.
அழிஞ்சில்.

சித்திரையில் அழகர் வைகைக்குப் போயிருந்தார்,
கூட்டமும் அவரோடு.
மலையில் குரங்குகளும் கொண்டைக்குருவிகளும் நாங்கள் இருவரும்.
கறுத்த பழம், உச்சியில் சின்னக் கிரீடம்.
இனிப்பு, பின்னால் கொழகொழப்பு, ஒற்றை விதை.
விழுந்த விதை ராத்திரியில் ஊர்ந்துபோய்த்
தாய்மரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள்.
துப்பிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.
ஓர் எறும்பு வந்து இழுத்தது,
இரண்டு விரற்கடை,
எதிர்த்திசையில்.

அலுவலகத்தில் கைக்கணினி ஒரு பட்டியலைத் திறந்தது.
அத்தி. அரசு. ஆத்தி. ஆல்.
அரசுக்கும் ஆத்திக்கும் நடுவே
அது நிற்க வேண்டிய இடத்தில்
ஒரு கோடு.
மறுபடியும் இதர.
குறிப்புக்கு நாற்பது எழுத்து அனுமதி:
குத்தும், மணக்கும், பால் வராது
என்பதோடு தீர்ந்துபோயிற்று.

அடுத்த ஆடியில் முப்பத்தொன்று,
ஜெபராணி இறுக்கிப் பிடித்தும்.

திரும்பும் பேருந்தில் அவள் என் தோளில் தூங்கிவிட்டாள்.
பூவும் இல்லாத, பழமும் இல்லாத மாதம்.
அப்பன்திருப்பதி தாண்டி டயர் கடைக்குப் பின்னால் ஒன்று.
கண்மாய்க் கரையில், புளியமரத்தின் அடியில், ஒன்று.
தினமும் போய்வந்த சாலைதான்.
கடச்சனேந்தலுக்குள் நான்கு.