கொடை

இருபத்தாறு வருஷம் அரசுத் தரப்பு.
பத்மநாபபுரம் கோர்ட்டில் என் செருப்புச் சத்தம் கேட்டால்
பங்கா இழுப்பவன் நிமிர்ந்து உட்காருவான்.
பேர் வாங்கித் தந்தது ஒரே கேஸ்:
இரணியல் உப்பு வியாபாரி கொலை,
கொல்லம் ஆயிரத்து ஐம்பத்தொன்பது, ஐப்பசி.
பாளை அரிவாளைத் தூக்கிப் பிடித்து
"இது பதனீர் வாடையா, ரத்த வாடையா?" என்றேன்.
பூதத்தானைத் தூக்கிலிட்டார்கள்.

இப்போது அவனுக்குப் பீடம், சுருட்டு, சாராயம்.
கூட்டத்தின் கடைசியில் தலைத்துண்டோடு நிற்கிறேன்.
வில்லில் என் கேள்வியைப் பாடுகிறார்கள்,
ஒரு சொல் பிசகாமல்.
புலவர் வீசுகோலை நிறுத்துகிறார்:

"ஐப்பசி மழையில் பதனீர் ஏது?
அரிவாள் அடகில் கிடந்ததே,
மீட்டவன் யாருண்ணு
கேட்டாரா வக்கீல்?"

"கேக்கல்லியே" என்கிறது பின்பாட்டு.

என் உதடும் அசைந்திருக்க வேண்டும்.
பக்கத்தில் நின்றவன் திரும்பி,
"பாட்டு முன்னமே தெரியுமா ஓய்?" என்றான்.